62-உம் 210-உம்: ஒரு ஐ.ஐ.எம். வெயிட்லிஸ்ட், ஒரு குடும்பம், பத்து வாரம்

அத்தானிடம் ஒரு நீள நோட்டு உண்டு. பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் வந்த தேதி, மாடி வீட்டு வாடகை எல்லாம் அதில்தான். 2024 ஏப்ரல் 30-ஆம் தேதிக்கு நேரே சிவப்பு மையில் '62' என்று எழுதியிருக்கிறார். ஒரு வாரம் தள்ளி, மே 8-க்கு நேரே '210'. அதன் பிறகு இரண்டு பத்தி பிரித்து, ஜூலை வரைக்கும் எண்களாகவே போகிறது. திருச்சி ஜங்ஷன் முன்பதிவு கவுன்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர் அவர். எழுதி வைக்காத எண்ணை நம்பமாட்டார்.

அந்த எண்கள் அவர் மகளுடையவை, அதாவது என் அக்கா மகளுடையவை. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பேரைப் போடாதே, கல்லூரிகளின் பேரையும் போடாதே என்றாள். அதனால் முதல் கல்லூரி, இரண்டாம் கல்லூரி என்றே சொல்கிறேன். இரண்டுமே ஐ.ஐ.எம்.கள், எம்.பி.ஏ. படிக்கிற மத்திய அரசு மேலாண்மைக் கல்லூரிகள். முதலாவதுதான் அவள் ஆசைப்பட்டது. அங்கே அவள் வெயிட்லிஸ்ட் எண் 62, இரண்டாவதில் 210.

அவள் நிலவரம்

திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, பிறகு சென்னை ஓ.எம்.ஆரில் மூன்று வருஷ ஐ.டி. வேலை. பெருங்குடியில் பெண்கள் விடுதி. 2023 நவம்பர் 26 அன்று, ஐ.ஐ.எம்.களுக்கான நுழைவுத் தேர்வான கேட் எழுதினாள். அந்த முறை சுமார் 2.88 லட்சம் பேர் எழுதினார்கள். மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிஷம், மொத்தம் 66 கேள்வி. டிசம்பர் 21-இல் முடிவு வந்தபோது 95-க்குச் சற்று மேலே பெர்சென்டைல், அதாவது நூறில் 95 பேருக்கு மேலே. 'ஓஹோ' என்று சொல்கிற மதிப்பெண் இல்லை, விட்டுவிடுகிற மதிப்பெண்ணும் இல்லை. வெயிட்லிஸ்ட்டுக்கென்றே அளந்து தைத்த மாதிரி.

கேட் மதிப்பெண்ணை மட்டும் வைத்து இந்தப் பட்டியல் தயாராவதில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மதிப்பெண், வேலை அனுபவம், நேர்காணல் எல்லாவற்றையும் ஒவ்வொரு கல்லூரியும் தன் கணக்கில் கூட்டி ஒரு மொத்த மதிப்பெண் போடுகிறது. சில இடங்களில் பெண்களுக்கும் பொறியியல் படிக்காதவர்களுக்கும் தனிப் புள்ளி உண்டு. பட்டியலின் நடுவில் நிற்பவர்களுக்குள் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் தசமப் புள்ளிக்கு அப்புறம்தான் தெரியும். 62-இல் நிற்பவள் 20-இல் நிற்பவளைவிட மட்டம் என்று நினைப்பதற்கு அந்தத் தாளில் ஆதாரம் கிடையாது. இதை அவளுக்குச் சொன்னால் தலையாட்டுவாள். ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி போர்ட்டலைத் திறந்து பார்ப்பாள்.

அத்தானின் விளக்கம்

'வெயிட்லிஸ்ட் 62' என்று அவள் போனில் சொன்னதும் அத்தான் கேட்ட முதல் கேள்வி: "எந்தக் கோட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கேள்வி சரியானதுதான். ஐ.ஐ.எம்.களில் பொது, ஓ.பி.சி. நான் கிரீமி லேயர் (வசதி வரம்புக்குள் வரும் பிற்படுத்தப்பட்டோர்), எஸ்.சி., எஸ்.டி., இ.டபிள்யூ.எஸ். (பொருளாதாரத்தில் நலிந்தோர்) என்று பிரிவுக்கு ஒரு பட்டியல் ஓடுகிறது. மத்தியக் கல்வி நிறுவனம் என்பதால் ஓ.பி.சி.க்கு 27 சதவீதம். பொதுப் பட்டியலில் எத்தனை பேர் விலகினாலும் ஓ.பி.சி. பட்டியலின் 62 அதனாலேயே நகர்ந்துவிடாது. அந்தப் பட்டியலில் முன்னால் நிற்பவர் விலகினால்தான் உண்டு. இவள் இருந்தது ஓ.பி.சி. பட்டியலில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்து, அத்தான் நோட்டை விரித்தார்.

"மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் நம்ம ஊர்ல கிளம்புற வண்டி. ஸ்லீப்பர் பெட்டி நிறைய. அதுல 60 வந்தாலும் பயப்படாதேன்னு கவுன்டர்ல சொல்லுவேன். இதே, நடுவுல ஏறி நடுவுல எறங்குறவனுக்கு பூல்டு கோட்டான்னு ஒண்ணு இருக்கு. அதுல 12 வந்தாக்கூட வேற வண்டி பாருப்பான்னுதான் சொல்லுவேன். நம்பரைப் பாக்காதம்மா. எத்தன பெர்த்து, எத்தன பேரு கேன்சல் பண்ணுவான், அதப் பாரு."

கேன்சல் யார் பண்ணுவார்கள் என்பதில்தான் விஷயம். ஒரே ஆள் ஐந்து ஐ.ஐ.எம்.களில் இடம் வாங்கி வைத்திருப்பார். முதல் வரிசையில் நிற்கும் அகமதாபாத்தோ பெங்களூரோ கல்கத்தாவோ கூப்பிட்டுவிட்டால் மற்ற நான்கையும் விடுவார். அந்த நான்கு இடங்களில் ஏறுகிறவர்களும் தங்கள் கையில் இருக்கும் கீழ்ப்படி இடங்களை விடுவார்கள். மேலே ஒருவர் எடுக்கும் முடிவு கீழே வந்து சேர ஒன்றரை மாதம் பிடிக்கும். ஏப்ரல், மே, ஜூன் என்று பட்டியல்கள் சுற்றுச் சுற்றாக நகர்வதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு சுற்றிலும் பணம் கட்டக் கெடு வைப்பார்கள். கட்டாதவர் இடம் அடுத்தவருக்கு.

கடுதாசியில் கணக்குப் போட்டும் காட்டினார். ஒரு கல்லூரியில் இந்தப் பிரிவுக்கு 80 இடம், 80 பேரைக் கூப்பிடுகிறார்கள். பாதிப்பேர் வேறு இடம் கிடைத்துப் போனால் 40 காலி. அடுத்த 40 பேரைக் கூப்பிட்டால் அவர்களிலும் 20 பேர் நழுவுவார்கள். அப்புறம் 10, அப்புறம் 5. கடைசியில் வெயிட்லிஸ்ட் 80-ஐத் தொட்டுவிடும். அதே 80 இடத்தில் பத்தில் ஒருவர்தான் நழுவுகிறார் என்றால் 8, அப்புறம் ஒன்று, அதோடு பட்டியல் நின்றுவிடும். ஆசைப்பட்டு எல்லாரும் சேரும் கல்லூரியில் சின்ன எண்ணும் பயப்படவேண்டிய எண்தான்.

இதில் ஒரு குறிப்பு. பல ஐ.ஐ.எம்.கள் போன வருஷம் எந்த எண் வரை கூப்பிட்டார்கள் என்பதை வெளியிடுகின்றன. அத்தான் அதைத் தேடி எடுத்து நோட்டில் எழுதச் சொன்னார். முதல் கல்லூரியின் பழைய எண் அவள் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிந்திருந்தது. இரண்டாம் கல்லூரி 210-ஐத் தாண்டிப் போயிருந்தது. மே மாதத்தில் மனசு எங்கே நிற்க வேண்டும் என்று அந்த இரண்டு எண்களே சொல்லிவிட்டன. நாங்கள் கேட்கவில்லை. எல்லாருக்கும் 62 தான் கண்ணில் பட்டது. 210 என்றதும் அக்கா, "அது போகட்டும் விடு" என்றாள்.

நான் சொன்ன தப்பான யோசனை

அவள் கம்பெனியில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். ஐ.ஐ.எம். வகுப்பு ஜூன் கடைசியில் தொடங்கும். கணக்குப்படி மார்ச் கடைசியிலேயே ராஜினாமா கொடுத்திருக்க வேண்டும். மார்ச் கடைசியில் கையில் என்ன இருந்தது? நேர்காணல் முடிந்த களைப்பு.

மே முதல் வாரத்தில் நான் சொன்னேன்: "பேப்பரைப் போட்டுடு. 62 தானே, வந்துடும். ரிலீவிங் லெட்டர் இல்லாம எப்படிப் போய்ச் சேருவ?" பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், வராத ஒரு இடத்தை நம்பி வேலையை விட்டிருப்பாள்.

அவள் செய்தது வேறு. மே கடைசி வாரத்தில் மேனேஜரிடம் தனியாகப் பேசினாள். இந்த மாதிரி, இரண்டு வெயிட்லிஸ்ட், வரலாம், வராமலும் போகலாம், வந்தால் சீக்கிரம் விடுவிக்க முடியுமா என்று. பாலிசியில் நோட்டீஸ் நாட்களைப் பணம் கொடுத்துக் குறைக்கும் வழி இருந்தது. மீதி லீவையும் கழிக்கலாம் என்றார் மேனேஜர். அடுத்த ப்ராஜெக்டில் அவளைத் தலைமைப் பொறுப்பில் போடவில்லை, அது ஒரு நஷ்டம். ஆனால் ஜூனில் அந்தப் பேச்சுதான் காப்பாற்றியது. படிக்கப் போகிறோம் என்று மேலதிகாரியிடம் வாயைத் திறந்தாலே அப்ரைசல் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். சில இடங்களில் போகவும் செய்யும். அந்த மேனேஜர் எப்படிப்பட்ட ஆள் என்று மூன்று வருஷத்தில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

சான்றிதழ்

ஓ.பி.சி. நான் கிரீமி லேயர் சான்றிதழ்தான் இந்தக் கதையில் எங்களை அலைக்கழித்தது.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் ஏமாறும் இடம் இது. பள்ளிக்கூடத்தில் வாங்கிய பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனத்துக்குச் செல்லாது. சாதி, மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, தாசில்தார் கையெழுத்தில் தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் வாங்கவேண்டும். இவளிடம் ஒன்று இருந்தது, போன நிதியாண்டில் வாங்கியது. கல்லூரி கேட்டது ஏப்ரல் 1-க்குப் பிறகு கொடுத்தது.

ஏப்ரல் முதல் வாரத்தில், எந்த முடிவும் வராதபோதே, அத்தான் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டார். "சார்ட் போட்டப்புறம் ஐ.டி. ப்ரூஃப் தேடக்கூடாது" என்பது அவர் வாதம். ஆனால் அது தேர்தல் நேரம். ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. வி.ஏ.ஓ.விலிருந்து தாசில்தார் வரை எல்லாரும் தேர்தல் வேலையில். விண்ணப்பம் 'பரிசீலனையில்' என்று அப்படியே உட்கார்ந்திருந்தது.

ஏப்ரல் கடைசியில் இன்னொரு சிக்கல். அத்தானின் பென்ஷனையும் அக்காவின் பள்ளிக்கூடச் சம்பளத்தையும் கூட்டி, வருமானம் 8 லட்சம் தாண்டுகிறது, எனவே கிரீமி லேயர் என்று தாலுகா அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அத்தான் ரயில்வேயில் குரூப் சி, அதாவது அதிகாரி நிலைக்குக் கீழே. 1993 செப்டம்பர் 8 தேதியிட்ட மத்திய அரசு ஆணையின் அட்டவணைப்படி வருமானக் கணக்கில் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக்கூடாது. பெற்றோரின் பதவி எந்த குரூப் என்பது தனிக் கேள்வி, மற்ற வருமானம் தனிக் கேள்வி. மற்ற வருமானம் என்று இவர்களுக்கு இருந்தது மாடி வாடகை மட்டும். அத்தான் ஆணையை பிரின்ட் எடுத்து, அந்த வரியில் மஞ்சள் கோடு போட்டு, மூன்று முறை போய் நின்றார். மூன்றாம் முறை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்தார்களாம். மே 6 அன்று சான்றிதழ் வந்தது.

முடிவு என்ன ஆகுமோ என்று நகம் கடித்துக்கொண்டிருந்த அந்த ஐந்து வாரத்தில், எங்கள் வீட்டில் நடந்த உருப்படியான வேலை இது ஒன்றுதான். ஜூனில் அழைப்பு வந்தபோது மூன்று நாள்தான் அவகாசம். மூன்று நாளில் எந்தத் தாலுகா அலுவலகத்திலும் இது நடக்காது.

கல்விக் கடனும் அப்படித்தான். அட்மிஷன் கடிதம் இல்லாமல் வங்கி கடனை அனுமதிக்காது. ஆனால் கிளையில் போய் என்னென்ன காகிதம் என்று கேட்டு, ஒரு ஃபைலில் போட்டு வைக்கலாம். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டணம் 20 லட்சத்தை ஒட்டி வரும். ஐ.ஐ.எம். என்றால் பொதுத்துறை வங்கிகள் பெரும்பாலும் வீட்டுப் பத்திரம் கேட்பதில்லை என்பது அத்தானுக்குப் பெரிய நிம்மதி.

கடிதம் எழுதிய கதை

மே நடுவில் 62 என்பது 41 ஆனது. வீட்டில் கேசரி கிண்டினார்கள். மே 31-இல் 33. ஜூன் 7-இல் 29. வேகம் குறைகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்போதுதான் கடிதம் எழுதினாள்.

அவள் டீமில் ஒரு பையன் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.பி.ஏ.வுக்கு வெயிட்லிஸ்ட். அங்கே பெரும்பாலும் எண் கிடையாது. வரிசையே இல்லை, ஒரு குளம் மாதிரி. வகுப்பில் என்ன குறைகிறதோ அதற்கேற்றவரைத் தூண்டில் போட்டு எடுப்பார்கள். அதனால் சில கல்லூரிகளில் 'எனக்கு இன்னும் ஆர்வம் இருக்கிறது, இடையில் இன்ன பதவி உயர்வு கிடைத்தது' என்று எழுதுவதற்குப் பலன் உண்டு. எழுதவேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லும் கல்லூரிகளும் உண்டு. வகுப்பின் அளவே கூட மாறும். 2020-இல் கோவிட் வந்தபோது ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல், இடம் கிடைத்தவர்கள் சேர்வதைத் தள்ளிப்போடலாம் என்றது. வழக்கமாக 930-ஐ ஒட்டி இருக்கும் வகுப்பில் அந்த வருஷம் 732 பேர், அடுத்த வருஷம் 1,010 பேர். அங்கே கடைசி நேரத்தில் இடம் கிடைத்தாலும் ஐ-20 என்கிற சேர்க்கைப் படிவம், மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், சென்னை துணைத் தூதரகத்தில் விசா தேதி என்று இன்னொரு வரிசை காத்திருக்கும்.

அந்தப் பையனின் கடிதத்தைப் பார்த்து இவளும் முதல் கல்லூரிக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பினாள். 'உங்கள் நிலை போர்ட்டலில் அறிவிக்கப்படும்' என்று ஒரு வரிப் பதில் வந்தது. இங்கே மொத்த மதிப்பெண் போட்ட அன்றே வரிசை உறைந்துவிடுகிறது. ஆர்வத்தைக் காட்டி 29 என்பதை 28 ஆக்க முடியாது. அதில் ஒரு நியாயமும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். நன்றாகக் கடிதம் எழுதத் தெரிந்தவன் முந்திக்கொள்ள முடியாது அல்லவா.

அன்றைக்கு அவள் விடுதியில் அழுதிருக்கிறாள். எங்களுக்கு ஆகஸ்டில்தான் தெரியும்.

அவளை அதிகம் படுத்தியது எண் இல்லை, போன்கள். "என்னாச்சு, வந்துடுச்சா?" சித்தி, பெரியப்பா, எதிர் வீட்டு மாமி. மே 19 அன்று கும்பகோணத்தில் அத்தை மகன் கல்யாணம், போகவில்லை. ப்ராஜெக்ட் வேலை என்றாள். டெலிகிராம் குழுவில் முன்னால் நிற்பவர்களிடம் 'வேறு இடம் எடுப்பதாக இருந்தால் தயவுசெய்து சீக்கிரம் விடுங்கள்' என்று தினமும் யாராவது கெஞ்சுவார்கள். அதையும் படித்துக்கொண்டிருந்தாள். ஜூன் முதல் வாரத்தில் குழுவிலிருந்து வெளியே வந்தாள். வெள்ளிக்கிழமை மாலை ஒரு முறை அத்தான் போர்ட்டலைப் பார்ப்பார், எண் மாறியிருந்தால் மட்டும் மெசேஜ் போடுவார் என்று ஏற்பாடு. பாஸ்வேர்டை அவரிடம் கொடுத்துவிட்டு மாற்றச் சொன்னாள். அத்தான் மாற்றி நோட்டில் எழுதிக்கொண்டார். உறவினர்கள் கேட்டால் சொல்ல ஒரே பதிலை அக்கா வைத்துக்கொண்டாள்: "ஜூலைல சொல்றோம்." என்னைக் கேட்டால், இதை ஏப்ரலிலேயே செய்திருக்கவேண்டும்.

முடிவு

210 மே 24-இல் 122 ஆகியிருந்தது. ஜூன் 3-இல் 57. யாரும் கேசரி கிண்டவில்லை. ஜூன் 12, புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, அவள் மீட்டிங்கில் இருந்தபோது மின்னஞ்சல் வந்தது. இரண்டாம் கல்லூரியில் இடம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் ஒப்புக்கொண்டு முதல் தொகை கட்டவேண்டும்.

கட்டிவிட்டாள். மறுநாள் ராஜினாமா. ஜூன் 24 கடைசி நாள். லீவு கழித்து மீதி நோட்டீஸ் நாட்களுக்கான தொகையைக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். முதல் கல்லூரிப் பட்டியலில் பேர் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவைத்தாள். அங்கே ஜூன் 14-இல் 29, ஜூன் 21-இல் 26. இரண்டாம் கல்லூரியில் வகுப்பு தொடங்கி ஒரு வாரம் ஆன பிறகும் வெள்ளிக்கிழமை மாலையில் அப்பாவின் மெசேஜ் வருகிறதா என்று பார்ப்பாளாம். ஜூலை 5 அன்று பட்டியல் மூடப்பட்டது. அவள் எண் 26-இலேயே நின்றது.

இன்னும் ஒரு கணக்கு பாக்கி. ஏப்ரலில், எதற்கும் இருக்கட்டும் என்று, இடம் உறுதியாகக் கிடைத்த ஒரு தனியார் மேலாண்மைக் கல்லூரியில் ஒன்றரை லட்சம் கட்டியிருந்தோம். அது கையில் இருக்கிற தைரியம் இல்லாமல் அவள் மே மாதத்தைத் தாண்டியிருக்கமாட்டாள், அதனால் கட்டியதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். விலகுகிறோம் என்று எழுதியதும், கட்டிய பணம் திரும்பாது என்று பதில் வந்தது. தொழில்நுட்ப, மேலாண்மைக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் அங்கீகாரம் பெற்ற கல்லூரி அது. வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. அவர்கள் வகுப்பு தொடங்குவதற்கு ஐந்து நாள் முன்னால் எங்கள் மின்னஞ்சல் போயிருந்தது, தேதியோடு. அத்தான் விதியை இணைத்து மறுபடி எழுதினார். அப்புறம் வாரத்துக்கு ஒன்று, ஆறு வாரம். ஆறாவது கடிதத்தின் நகலை ஏ.ஐ.சி.டி.இ. குறைதீர்ப்புக்கும் அனுப்பினார்.

நோட்டில் அந்த இரண்டு பத்திக்கும் கீழே கோடு போட்டு ஒரு வரி இருக்கிறது. ஆகஸ்ட் 9, வெள்ளி. வரவு 1,49,000. பக்கத்தில் பென்சிலில், பிடித்தம் 1,000, சரி.